ஆமென் சொல்லும்வரை

ஜெபத்தின் நடுவில் அமலராணி ஒரு நாற்காலியைப் பார்த்தாள்.

அவள் கண்கள் இரண்டும் மூடியிருந்தன. மூடாவிட்டாலும் தெரியப்போவது ஒன்றுமில்லை. கண்ணாடியைக் கழற்றி, அதன் வயரைச் சுற்றி, இடுப்பில் கட்டும் பெட்டியோடு சேர்த்து, வழக்கம்போல ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பு முக்காடாக நெற்றிவரை இறங்கியிருந்தது. கொசுவர்த்திப் புகை, இறக்கிவைத்த புளிக்குழம்பின் வாசனை, ஸ்டேஷனை நெருங்கிய மின்சார ரயில் வேகம் குறைக்கும் கிறீச்சொலி, இவற்றுக்கெல்லாம் மேலே கணவரின் அண்ணன் சுவிசேஷமுத்துவின் குரல். அவர் தாம்பரத்து விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் வற்றிப்போன ஏரிகளையும் வரிசையாக ஆண்டவரிடம் ஒப்புவித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த இருட்டில், புள்ளி புள்ளியாக, நாற்காலி ஒன்று எழுந்து வந்தது. வயர் பின்னிய நாற்காலி. கைப்பிடி இரண்டும் தெரிந்தன, முன்னங்கால்கள் தெரிந்தன. அதன்மேல் துணிமூட்டையைப் போல ஏதோ இருந்தது.

"ஆமென்" என்றார் சுவிசேஷமுத்து. நாற்காலி அணைந்துபோனது.

"என்னங்க, என் எதிர்ல நாற்காலி ஏதாவது போட்டிருக்கா?"

"எதிர்ல அண்ணன் கட்டில்ல உக்காந்திருக்கார்" என்றார் எலியேசர். "ஏன்?"

"வயர் நாற்காலி ஒண்ணு..."

"நம்ம வீட்ல வயர் நாற்காலி ஒண்ணே ஒண்ணுதான் ராணி. அதுலதான் நீ உக்காந்திருக்க."

சுவிசேஷமுத்து காலால் செருப்பைத் தேடியபடியே சிரித்தார். "ஜெபத்துல தூங்கிட்டியாம்மா? நானே இன்னிக்கு சுருக்கமாத்தான் பண்ணினேன்."

அவள் கண்ணிமைகள் கதகதப்பாக இருந்தன, யாரோ விளக்கை முகத்தருகே பிடித்திருந்து இப்போதுதான் எடுத்தாற்போல.

அமலராணி பிறந்தது கத்தோலிக்கக் குடும்பம். பல்லாவரத்தில் அவள் அம்மா வீட்டில் மாதா சுரூபத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் செபம் சொல்வார்கள். செபமாலைக்கு மணிகள் உண்டு. எங்கே முடியும் என்று விரலுக்குத் தெரியும். எலியேசரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபிறகுதான் கண்ணை மூடும் ஜெபமும், வாய்க்கு வந்தபடி நீளும் ஜெபமும். புதுப்பெண்ணாக இருந்தபோது ஒருநாள் பாதி ஜெபத்தில் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று மாமியார் கடிந்துகொண்டார். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று திருப்பிக் கேட்க அன்றைக்குத் தைரியமில்லை.

கண் போனது மெதுவாகத்தான். முதலில் அந்தி மங்கியதும் படி தெரியவில்லை. பிறகு பகலிலேயே ஓரங்கள் கறுத்தன. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், கரும்பலகையே ஒரு குழாயின் முனையில் தொங்குவதுபோல ஆனதும் வேலையை விட்டாள். பிறகு குழாயும் அடைந்துபோனது. அதற்குக்கூட அவள் பழகியிருப்பாள். மகள் ஞானஜோதியின் தலைப்பிரசவத்துக்குத்தான் பழக முடியவில்லை. தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய பெண்ணைப் படப்பையில் மாமியார் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். "கண்ணு தெரியாதவங்க கையில பச்சப்புள்ளைய எப்படிங்க கொடுக்கறது?" என்று சம்பந்தியம்மாள் கேட்டது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் நெஞ்சில் தைத்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஸ்ரீநிவாசராகவன் வந்தார். டாக்டர்கள் அவள் விழிக்குள், பின்சுவரில், அரிசிக் குருணை அளவுக்கு ஒரு சில்லை வைத்தார்கள். ராகவன் கண்ணாடியை மாட்டிவிட்டார். மூக்குத்தண்டில் சின்னஞ்சிறு கேமரா. வில்லையின் உட்புறம், பார்வைக்கு எட்டாத ஒரு வெளிச்சம்.

"இதுதாம்மா விசேஷம்" என்றார் அவர். "உள்ளே இருக்கற சில்லுக்கு ஒயர் கிடையாது, பாட்டரி கிடையாது. வெளிச்சந்தான் அதுக்குச் சாப்பாடு, வெளிச்சந்தான் அதுக்குப் பேச்சு. கேமரா என்ன பாக்கறதோ அதைக் கண்ணாடி வெளிச்சமா அனுப்பும். சில்லு அதுலேர்ந்தே கரண்டையும் எடுத்துக்கும், படத்தையும் எடுத்துக்கும்."

"கண்ணாடியைக் கழட்டினா?"

"கல்லு. செத்த கல்லு."

அவள் அழுதாள், எல்லோரும் அழுதார்கள், சுவிசேஷமுத்து சபையில் எழுந்து இது ஆண்டவர் செய்த அற்புதம் என்று சாட்சி சொன்னார். ஆனால் வந்த பார்வை என்னவோ ஓட்டை போட்ட இட்லித்தட்டின் வழியே உலகத்தைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. சாம்பல் புள்ளிகள். ஜன்னல் என்றால் வெளுத்த கட்டம். மனிதர் என்றால் நகரும் கறை. பிறந்த குழந்தையைப் பார்க்கப் படப்பைக்குப் போனபோது, ஞானஜோதி துணிச்சுருளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "தெரியுதாம்மா? மூக்கு உங்க மூக்கும்மா" என்றாள். அமலராணிக்குத் தெரிந்தது ஒரு பூசணிக்காய். "ம், தெரியுதும்மா" என்றாள். திரும்பி வரும் பஸ் முழுக்கக் கண்ணாடியை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டே வந்தாள்.

"பழகப் பழக வரும்" என்றார் ராகவன், ஒவ்வொரு முறையும். அவரையும் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பழகியும் வரவில்லை. போதாக்குறைக்குக் கரண்ட் கட் ஆனால் பாட்டரி சார்ஜ் ஏறாது. டி.வி. ரிமோட்டை எலியேசர் அவள் பக்கம் திருப்பி அமுக்கினால் கண்ணுக்குள் மத்தாப்புப் பொறி பறக்கும். ரிமோட்டிலும் கண்ணாடியிலும் ஒரே ஜாதி வெளிச்சமாம். ஜெபநேரத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றியே ஆகவேண்டும் என்பது சுவிசேஷமுத்துவின் சட்டம். "ஆண்டவர் சமுகத்துல மெஷின் எதுக்கும்மா? முக்காட்டுக்குள்ள அது ங்கொய்ங்குது."

நாற்காலியைப் பார்த்த மறுநாள் சாயங்காலம், அவர் ஆரம்பித்ததும் அது மறுபடியும் வந்தது.

இன்று இன்னும் நன்றாகத் தெரிந்தது. நாற்காலியின் மேல் இருந்தது துணிமூட்டை இல்லை. முக்காடிட்ட ஒரு பெண். பக்கத்தில் தலை குனிந்த ஒரு வழுக்கை. முன்னால் கட்டிலில் ஒரு முதுகு. முதுகின் அசைவும் சுவிசேஷமுத்துவின் குரலும் ஒன்றாக ஏறி இறங்கின. அப்படியானால் பார்க்கும் இடம் கட்டிலுக்குப் பின்னால், தெருக்கதவின் அருகில்.

அமலராணி மெல்லக் கையை எடுத்துக் கன்னத்தைச் சொறிந்தாள்.

நாற்காலியில் இருந்தவள் கன்னத்தைச் சொறிந்தாள்.

"ஆமென்."

ராகவன் ஸ்கூட்டரில் வந்து, பெட்டியைத் திறந்து மீட்டர் ஒன்றைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, கூடம் முழுக்க நடந்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ரிமோட்டா இருக்கும்மா."

"ரிமோட்டுக்கு என் முகம் தெரியுமா சார்?"

"நீங்க பாத்தது முகம்னு எப்படிச் சொல்றீங்க? புள்ளிதானே. மூளை அதைப் படமாக் கட்டிக்கும்."

"இந்தக் கண்ணாடி காட்டறதைவிடத் தெளிவா இருந்துச்சு சார்."

அவர் நின்றுவிட்டார். "தெளிவாவா?"

"கண்ணு மூடியிருந்தேன். இமை தடுக்காதா?"

"இமை இந்த வெளிச்சத்தைத் தடுக்காது. ஆனா அடிக்கறதுக்கு ஆள் வேணுமே! யாராவது நேர எதிர்ல நின்னு, உங்க கண்ணைப் பாத்து அடிச்சாத்தான் சில்லுக்கு உயிர் வரும். அப்பக்கூட அந்த ஆள் கையில கேமரா இருக்கணும். அது எதைப் பாக்கறதோ அதுதான் உங்களுக்கு வரும்." சொல்லிக்கொண்டே வந்தவர், தனக்கே அது பிடிக்காததுபோல மீட்டரைப் படக்கென்று மூடினார். "பாருங்கம்மா, எனக்கு மேலே ஆட்கள் இருக்கா. இப்படி ஏதாவது வருதுன்னு நான் சொன்னா, உடனே நிறுத்துன்னுடுவா. கண்ணாடியைத் திரும்ப வாங்கிண்டு போகணும். சொல்லட்டுமா?"

இட்லித்தட்டு ஓட்டைதான். ஆனாலும் ஜன்னல் எது சுவர் எது என்று காட்டுகிற ஓட்டை.

"வேணாம் சார்" என்றாள். "தூக்கக் கலக்கமா இருக்கும்."

எலியேசர் டி.வி.க்குப் போர்வை போர்த்தினார், ரிமோட்டின் பாட்டரியைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார். "இப்ப திருப்தியா?" என்றார். குரலில் சலிப்பு இருந்தது. அவருக்கும் ஒன்பது மணிச் செய்தி போயிற்று.

திருப்தி இல்லை. தினமும் வந்தது. எலியேசர் நடத்தும் நாட்களில் கொஞ்ச நேரம். சுவிசேஷமுத்து நடத்தும் நாட்களில், ஊர் உலகமெல்லாம் ஒப்புவிக்கப்பட்டு முடியும்வரை. ஒவ்வொரு முறையும் நாற்காலிப் பெண் முன்னைவிடப் பெரிதாக இருந்தாள். கதவருகிலிருந்து அலமாரிக்கு. அலமாரியிலிருந்து கட்டிலின் கால்மாட்டுக்கு. அது நடப்பதை அவள் பார்த்ததில்லை. ஜெபத்துக்கு ஜெபம் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். இமைகளின் மேல் அந்தக் கதகதப்பும் ஏறிக்கொண்டே வந்தது. கூடவே ஒரு வாசனை. வெகுநாள் எரியாத பல்பைப் போட்டதும் மேலிருக்கும் தூசி கருகுமே, அது.

ஒரு சாயங்காலம் தாங்கமுடியாமல் கண்ணைத் திறந்தாள். பயனில்லை. திறந்தாலும் மூடினாலும் அவளுக்கு ஒன்றுதான். படத்தில் இருந்தவள் மட்டும் கண்ணைத் திறந்தாள். கறுத்த, எங்கும் பார்க்காத இரண்டு விழிகள். தன் கண்கள் வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டாள்.

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். படம் போய்விட்டது. சுவிசேஷமுத்துவின் முகம் எப்படியிருந்தது என்று தெரியவில்லை, குரல் தெரிந்தது. "நோயாளிகளுக்காக ஜெபிச்சிட்டிருந்தேம்மா. அதை நிறுத்தவா சொல்ற?"

"மன்னிச்சிருங்க அத்தான். யாரோ எதிர்ல நிக்கறாங்க."

"ஆண்டவர்தான் நிக்கறார்" என்றார் அவர், ஆறுதலாக. அந்த ஆறுதலை எடுத்து அவர் மேலேயே எறியவேண்டும்போல இருந்தது அவளுக்கு.

மறுநாள் பாத்திரம் தேய்க்க வந்த கனகவல்லியைப் பிடித்தாள். பம்மலிலிருந்து வருகிறவள், வாய் ஓயாதவள். ஜெபநேரத்தில் மட்டும் அடுக்களைக்குள் சத்தமில்லாமல் நின்றுகொள்வாள்.

"கனகம், எங்க ஜெபம் நடக்கறப்ப நீ என்ன பண்ணுவ?"

"இன்னா பண்றது? நானும் கண்ண மூடிக்கினு நிப்பேன். உங்க சாமின்னாலும் சாமிதானேம்மா."

"இன்னிக்கு மூடாதே. கூடத்தைப் பாத்துக்கிட்டே நில்லு. யாராவது வர்றாங்களான்னு பாரு."

"யாரு வரப்போறா? கதவு தாப்பா போட்டுத்தானே கீது?"

"பாக்கச் சொன்னா பாரேன்."

அன்றைக்கு ஜெபம் நீண்டது. இருட்டு இருட்டாகவே இருந்தது. புள்ளிகூட வரவில்லை. ஆமென் சொன்னதும் கனகவல்லி வந்து காதோரம் கிசுகிசுத்தாள்: "ஒருத்தரும் வர்லம்மா. பல்லி ஒண்ணு கத்திச்சி. பெரியவரு மட்டும் நடுவுல ஒரு கண்ணைத் தொறந்து கடியாரத்தைப் பாத்தாரு."

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. அமலராணிக்கு அப்போது புரிந்துவிட்டது. யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அது வருவதில்லை. வீட்டில் இருக்கும் கண்கள் எல்லாம் மூடினால்தான் வருகிறது. இத்தனை வருஷமாக, இந்த வீட்டில், தினமும் அப்படி ஒரு நேரத்தை அவர்களே அதற்கு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

புரிந்ததைவிட மோசமானது இன்னொன்று. அந்த வெறும் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது, ஜெபம் முழுக்க, அவள் காத்திருந்தாள். வராதா என்று காத்திருந்தாள். கண்ணாடி காட்டும் சாம்பல் கறைகளைப் பகலெல்லாம் பார்த்துச் சலித்த பிறகு, சேலையின் மடிப்புகூடத் தெரிகிற அந்தப் படம். எலியேசரின் காதோரத்து நரைமுடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இத்தனை வயதாகிவிட்டதா இவருக்கு என்று நேற்று அந்தப் பயத்துக்கு நடுவிலும் நினைத்தாளே.

அடுத்த வாரம் ஞானஜோதி குழந்தையோடு வந்தாள். தாய்வீட்டுக்கு முதல் வரவு. கதவைத் திறந்ததும் பால் வாசனையும் குழந்தைப் பவுடர் வாசனையும் அமலராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டன.

"இந்தாம்மா, உங்க பேத்தி. பாருங்க."

கண்ணாடியைச் சரிசெய்தாள். இடுப்புப் பெட்டியின் திருகை முன்னும் பின்னும் திருகினாள். ஜன்னல் பக்கம் நகர்ந்தாள், டியூப்லைட்டுக்குக் கீழே வந்தாள். பூசணிக்காய். அதே பூசணிக்காய்.

"தெரியுதாம்மா?"

"தெரியல ஜோதி" என்றாள். இந்தமுறை பொய் வரவில்லை. "சனியன், ஒண்ணுமே தெரியல. எத்தனை தடவ சொல்லியிருப்பார் அந்த மனுஷன், பழகும் பழகும்னு. உன் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனாலும் எனக்குப் பூசணிக்காய்தான்."

"அழாதீங்கம்மா."

"நான் எங்க அழறேன்? எரிச்சலா வருது."

ஞானஜோதி அவள் விரலைப் பிடித்துக் குழந்தையின் மூக்கின்மேல் வைத்தாள். மெத்தென்று, ஈரமாக, பட்டாணி அளவு. விரலுக்குத் தெரிந்தது போதவில்லை.

சாயங்காலம் ஸ்தோத்திர ஜெபம் என்று சுவிசேஷமுத்து வேட்டி சட்டையோடு முன்னதாகவே வந்துவிட்டார். குழந்தை பால் குடித்துத் தூங்கியிருந்தது.

"ஜோதி, பாப்பாவைக் கட்டில்ல போடு" என்றாள் அமலராணி. "அங்க இல்ல. இந்தப் பக்கம், என் எதிர்ல. அத்தான், நீங்க இன்னிக்கு ஸ்டூல்ல உக்காருங்களேன்."

"கட்டில்ல உக்காந்தா எனக்கு முதுகுக்கு நல்லதும்மா."

"இன்னிக்கு ஒரு நாளைக்கு அத்தான்."

நேற்றைய ஜெபத்தில் அது கட்டிலின் அந்தப் பக்க விளிம்புக்கே வந்துவிட்டிருந்தது. படத்தில் அவள் முகம் மட்டுமே நிறைந்திருந்தது. இடையில் கட்டில்தான். குழந்தை கட்டிலில் கிடந்தால், பார்க்கிற பார்வையில் குழந்தையும் விழும். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. அது இத்தனை நாள் யாரையும் தொட்டதில்லையே. நின்று பார்த்ததுதானே. இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது உள்ளங்கை வியர்த்தது. சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கனகம், நீ கொல்லைப்பக்கம் போய்த் துணியை எடு."

"துணியெல்லாம் அப்பவே எடுத்துட்டேம்மா."

"அப்ப சும்மா போய் நில்லு. கதவைச் சாத்திக்கோ."

"இன்னாம்மா நீ, அன்னிக்குக் கண்ண மூடாதேன்ற, இன்னிக்கு வெளிய போன்ற. பேஜாரா கீது உன்னோட" என்று முணுமுணுத்தபடி அவள் போனாள். கொல்லைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அமலராணி கண்ணாடியைக் கழற்றினாள். ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

"கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் சுவிசேஷமுத்து.

கொஞ்ச நேரம் குரல் மட்டும். அன்புள்ள பரமபிதாவே, இந்த வீட்டில் ஒரு புதிய பிள்ளையைத் தந்தீரே. கருகும் தூசியின் வாசனை வந்தது. இமைகள் சூடேறின.

வந்தது.

முதலில் அவள் முகம்தான். மிகப் பெரிதாக. மேலுதட்டு வியர்வை தெரிந்தது. பிறகு, இத்தனை நாளில் முதல்முறையாக, பார்வை அசைந்தது. மெதுவாகக் குனிந்தது. அவள் மனசைப் படித்ததுபோல.

வெள்ளைத் தலையணை. பூப்போட்ட துணி. குழந்தை.

புள்ளிகள் இல்லை. சாம்பல் இல்லை. புருவம் இருந்தது, பென்சிலால் இழுத்ததுபோல. கன்னத்தில் அழுத்திவைத்த திருஷ்டிப்பொட்டு, படப்பைப் பாட்டி வைத்ததாக இருக்கும். வாயோரத்தில் காய்ந்த பால். மூக்கு. ஆமாம், அவள் மூக்குதான். அவள் அம்மாவின் மூக்கு. கண்ணீர் இமைக்கு வெளியே வழிந்தது. போதும் என்று சொல்லவேண்டிய நேரம். யாரையாவது கண்ணைத் திறக்கச் சொல்லவேண்டிய நேரம்.

கண்ணைத் திறடி தங்கம் என்று நினைத்தாள். பாட்டி உன் கண்ணை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

பார்வை இன்னும் குனிந்தது.

அவள் கேட்காத அளவுக்குக் குனிந்தது.

மூக்கு மட்டும். மூடிய இமை மட்டும். இமையின் நீல நரம்பு. அவள் இமைகளிலிருந்த சூடு விலகிக்கொண்டிருந்தது. வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. "அத்தான்" என்றாள். நாக்கு எழவில்லை. காற்றுதான் வந்தது. ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் கண்களை நீர் காத்தருளும், என்று குரல் போய்க்கொண்டிருந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார் எலியேசர்.

இமை திறந்தது.

கறுத்த கண்மணி. ஈரம். அதற்குள் ஒரு சின்ன வெளிச்சம்.

உள்ளே.

இருட்டு.

போய்விட்டது. அமலராணி மூச்சை விட்டாள். வாசனை இல்லை, சூடு இல்லை. போய்விட்டது, அம்மா மாதாவே, போய்விட்டது. ஜெபம் முடியட்டும். நாளைக்கே ராகவனைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்துவிடுகிறேன். பூசணிக்காயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

"ஆமென்" என்றார் சுவிசேஷமுத்து.

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். ஸ்டூல் நகர்ந்தது. எலியேசர் இருமினார். கொல்லைக்கதவைத் தட்டி, "வரலாமா?" என்று கேட்டாள் கனகவல்லி. வீட்டின் கண்கள் எல்லாம் திறந்துவிட்டன.

படம் வந்தது.

தாழ்ந்த இடத்திலிருந்து. ஓரத்தில் தலையணை, வெள்ளை மலைபோல. நடுவில், உயரத்தில், நாற்காலியில் முக்காடு நழுவிய ஒரு கிழவி. வாய் திறந்திருந்தது, கன்னம் நனைந்திருந்தது. படத்தின் கீழ்விளிம்பிலிருந்து ஒரு சின்னஞ்சிறு கை எழும்பி, ஐந்து விரலும் விரிந்து, அவளை நோக்கி நீண்டது.

"அம்மா, இங்க பாருங்களேன்!" ஞானஜோதி கலகலவென்று சிரித்தாள். "முழிச்சிட்டா. அழவே இல்ல. உங்களையேதாம்மா பாக்கறா."

குழந்தை கண் சிமிட்டியது.

படம் ஒருமுறை அணைந்து, மறுபடி எரிந்தது.